மேயர் கையெழுத்துப் போட்டால் ஒர்க் பெர்மிட் கிடைக்குமா? அமெரிக்காவில் பேப்பர் இல்லாதவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலவசச் சட்ட உதவி முகாம்களில் தமிழுக்கு மொழிபெயர்ப்பாளராக உட்காருகிறவர்களிடம் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். விசா முடிந்தும் தங்கியவர்கள், எல்லை தாண்டி வந்தவர்கள், அசைலம் (அகதித் தஞ்சம்) போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் என்று கேட்பவர்கள் பலவகை. குழப்பம் மட்டும் ஒன்றே: எதற்கு நகரத்தின் கதவைத் தட்ட வேண்டும், எதற்கு வாஷிங்டன் கதவைத் தட்ட வேண்டும் என்பது தெரிவதில்லை. அதைப் பிரித்துச் சொல்லத்தான் இந்தப் பக்கம். சட்ட விஷயத்தில் ஒவ்வொருவர் கேஸும் வேறு. இதைப் படித்துவிட்டு நேராகப் படிவம் நிரப்ப உட்காராமல், ஒரு வக்கீலிடம் பேசுங்கள்.

எங்கள் சிட்டி கவுன்சில் ‘ஆவணமற்ற எல்லோருக்கும் ஒர்க் பெர்மிட் வேண்டும்’ என்று தீர்மானம் போட்டிருக்கிறதாம். இனி நான் வேலைக்குப் போகலாமா?

முடியாது. ‘எங்கள் ஊருக்கு டாஸ்மாக் கடை வேண்டாம்’ என்று கிராமசபையில் தீர்மானம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஊரின் மனசு அதில் தெரியும், கடையை மூடும் அதிகாரம் மட்டும் வேறு இடத்தில் இருக்கும். இதுவும் அப்படித்தான்.

யார் அமெரிக்காவில் தங்கலாம், யார் வேலை செய்யலாம் என்பதை முடிவு செய்வது மத்திய அரசு. நகரம், கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி), மாநிலம் மூன்றுக்கும் அதில் அதிகாரம் கிடையாது. 1986-இல் வந்த குடியேற்றச் சட்டம், வேலை கொடுக்கிற ஒவ்வொரு முதலாளியும் ஐ-9 படிவத்தில் ஊழியரின் அனுமதியைச் சரிபார்க்க வேண்டும் என்றது. அரிசோனா மாநிலம் தன் பங்குக்குக் கெடுபிடியாக ஒரு சட்டம் போட்டபோது, 2012-இல் உச்ச நீதிமன்றம் வழக்கில் எதிர்க்கப்பட்ட நான்கு பிரிவுகளில் மூன்றை அடித்துப்போட்டது. அனுமதியின்றி வேலை தேடுவதே மாநிலக் குற்றம் என்ற பிரிவும் அதில் அடிபட்டது. தண்டிக்க மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்றால், பெர்மிட் கொடுக்கவும் இல்லை.

அப்புறம் எதற்கு அந்தத் தீர்மானமெல்லாம்?

சும்மா இல்லை. இதற்கு ஒரு கதை இருக்கிறது.

2014 நவம்பர் 20 அன்று அதிபர் ஒபாமா ஒரு திட்டத்தை அறிவித்தார். பிள்ளைகள் அமெரிக்கக் குடிமக்களாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவர்களாகவோ இருந்து, 2010 ஜனவரி 1 முதல் தொடர்ந்து அமெரிக்காவிலேயே இருக்கும் பெற்றோரை நாடுகடத்துவதைத் தள்ளிவைத்து, மூன்று வருட ஒர்க் பெர்மிட் தருவது என்பது திட்டம். ‘டாபா’ என்று பெயர். டெக்சாஸ் தலைமையில் 26 மாநிலங்கள் வழக்குப் போட்டன. அப்போது மறுபக்கம் நின்றவை நகரங்களும் கவுண்டிகளும். நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், சிகாகோ மேயர்கள் சேர்ந்து தொடங்கிய ‘சிட்டீஸ் ஃபார் ஆக்‌ஷன்’ கூட்டணி, நீதிமன்றத்தில் தங்கள் தரப்பை எழுதிக் கொடுத்தது. 2016 மார்ச்சில் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது அப்படிக் கையெழுத்திட்ட நகரங்களும் கவுண்டிகளும் 118. டெக்சாஸ் மாநிலம் வழக்குப் போட, அதன் உள்ளேயே இருக்கும் சில நகரங்கள் எதிர்த்தரப்பில் போய் நின்றன என்பதுதான் வேடிக்கை.

ஜெயிக்கவில்லை. 2015 பிப்ரவரியில் டெக்சாஸ் பிரவுன்ஸ்வில் நீதிபதி ஆண்ட்ரூ ஹேனன் தடை போட்டார். 2016 ஜூன் 23 அன்று உச்ச நீதிமன்றத்தில் நான்குக்கு நான்கு என்று ஓட்டு சமமாக விழுந்து, தடை அப்படியே நின்றுவிட்டது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் இறந்திருந்ததால் ஒன்பதாவது ஓட்டு இல்லை. திட்டம் ஒருநாள்கூட நடைமுறைக்கு வரவில்லை.

ஆனால் எல்லாத் தடவையும் இப்படி முடிவதில்லை. 2023 அக்டோபர் கடைசியில் டென்வர், சிகாகோ, ஹூஸ்டன், லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க் மேயர்கள் சேர்ந்து அதிபர் பைடனுக்குக் கடிதம் எழுதினார்கள். ‘பணமும் வேண்டும், வந்தவர்களுக்கு ஒர்க் பெர்மிட்டும் சீக்கிரம் வேண்டும்’ என்பதுதான் சாரம். அதற்கு முன்பே, நியூயார்க்கின் நச்சரிப்பு உச்சத்தில் இருந்த செப்டம்பரில், 2023 ஜூலை 31-க்குள் வந்த வெனிசுவேலா நாட்டினருக்குத் தற்காலிகப் பாதுகாப்பு (சொந்த நாட்டு நிலைமை மோசம் என்பதால் நாடுகடத்தாமல், ஒர்க் பெர்மிட்டும் தரும் ஏற்பாடு) அறிவிக்கப்பட்டது. சுமார் 4,72,000 பேருக்குத் தகுதி வரும் என்று அரசே கணக்குச் சொன்னது. மேயர்கள் கேட்டதால் மட்டுமே நடந்தது என்று சொல்ல முடியாது. கேட்டதும் ஒரு காரணம் என்பதை மறுக்கவும் முடியாது. அடுத்து வந்த ஆட்சி 2025-இல் அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டது என்பது இன்னொரு பாடம்: வாஷிங்டனில் ஆள் மாறினால் பெர்மிட்டும் போகலாம்.

மேயர்களுக்கு நம்மீது ஏன் இவ்வளவு அக்கறை?

பாதி மனிதாபிமானம், பாதி பட்ஜெட். பட்ஜெட்டைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவதில் தப்பில்லை.

நியூயார்க்கில் 1981-இல் ஒரு வழக்கில் ஏற்பட்ட ஒப்பந்தப்படி, தங்க இடமில்லை என்று வருபவருக்கு நகரம் படுக்கை கொடுத்தாக வேண்டும். 2022 வசந்த காலத்திலிருந்து இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து சேர்ந்தபோது ஹோட்டல் ஹோட்டலாக வாடகைக்கு எடுக்க வேண்டியிருந்தது. வந்தவருக்கு வேலை செய்ய அனுமதி இல்லையென்றால் அவர் ஷெல்டரைவிட்டு எப்படிப் போவார்? ஆகவே பெர்மிட்டைத் தானே தர முடியாத நகரம், பெர்மிட்டுக்கான விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து தரக் கிளம்பியது. 2023 ஜூனில் மன்ஹாட்டனில் அசைலம் விண்ணப்ப உதவி மையம் திறந்தது. டென்வர் 2024-இல் ஒர்க் பெர்மிட் முகாம்கள் நடத்தியது, காத்திருக்கிற ஆறு மாதத்தில் தொழிற்பயிற்சியும் ஆங்கிலமும் கற்றுத்தரும் ஒரு திட்டத்தையும் கொண்டுவந்தது. நகரங்கள் செய்ததிலேயே உருப்படியான வேலை இதுதான் என்பது என் கருத்து. தீர்மானத்தைவிட, படிவத்தோடு உட்காரும் ஒரு ஆள் மேல்.

அப்புறம் வரி. ஆவணமற்றவர்கள் 2022-இல் மட்டும் மத்திய, மாநில, உள்ளூர் வரியாக 9,670 கோடி டாலர் கட்டியதாக ஒரு வரிக்கொள்கை ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. பெர்மிட் கிடைத்தால் சம்பளம் ஏறும், வரியும் ஏறும் என்பது மேயர்களுக்குத் தெரிந்த கணக்கு.

அசைலம் போட்டிருக்கிறேன். ஒர்க் பெர்மிட் எப்போது?

அசைலம் விண்ணப்பம் போய்ச் சேர்ந்து 150 நாள் ஆனபின் ஒர்க் பெர்மிட்டுக்கான ஐ-765 படிவம் போடலாம். 180 நாள் முடியாமல் பெர்மிட் வராது. இடையில் நீங்களே வாய்தா கேட்டால் அந்த நாள்கணக்கு நின்றுவிடும். இதை யாரும் சொல்வதில்லை, அதனால் முதலிலேயே சொல்கிறேன். அதற்கும் முன்னால் இன்னொன்று: அமெரிக்காவுக்குள் வந்து ஒரு வருடத்துக்குள் அசைலம் விண்ணப்பம் போட வேண்டும். சில விதிவிலக்குகள் உண்டு, அவற்றை நம்பி உட்கார வேண்டாம்.

முன்பு இந்த முதல் பெர்மிட்டுக்குக் கட்டணம் கிடையாது. 2025 ஜூலையில் வந்த சட்டம் அசைலம் விண்ணப்பத்துக்கே 100 டாலர், முதல் பெர்மிட்டுக்கு 550 டாலர் என்று வைத்துவிட்டது. விலைவாசிக்கேற்ப வருடாவருடம் ஏறும் என்றும் அதிலேயே இருக்கிறது. போடுகிற அன்று குடியேற்றத் துறையின் தளத்தில் தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய தொகையோடு போனால் விண்ணப்பம் அப்படியே திரும்பி வரும்.

தமிழர்கள் மாட்டிக்கொள்வது பெயரில். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது, அப்பா பெயர்தான் இனிஷியல். பாஸ்போர்ட்டில் ஒரு பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க ஆவணத்தில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று அடித்துவிடுவார்கள், ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்பதன் சுருக்கம். அசைலம் படிவத்தில் அப்பா பெயரைக் குடும்பப்பெயராக எழுதி, ஐ-765-இல் எஃப்.என்.யு. என்று எழுதினால், இரண்டும் ஒரே ஆள்தானா என்று கேள்வி வரும். முதல் படிவத்தில் எப்படி எழுதினீர்களோ அப்படியே கடைசிவரை எழுதுங்கள். மற்ற எழுத்து வடிவங்களை ‘பயன்படுத்திய பிற பெயர்கள்’ கட்டத்தில் போடுங்கள். படிவத்தில் தகுதிப் பிரிவு கேட்கும் இடத்தில் சின்ன அடைப்புக்குறிகள் இருக்கும். நிலுவையிலுள்ள அசைலத்துக்கு அதில் சி என்றும் 8 என்றும் போட வேண்டும். அந்த ஒரு எண் தப்பினால் மாதக்கணக்கில் போய்விடும்.

வீடு மாறினால் பத்து நாளுக்குள் முகவரி மாற்றம் கொடுத்துவிடுங்கள். கார்டு தபாலில்தான் வருகிறது.

நகரமோ கவுண்டியோ நேரடியாகக் கை வைக்கக்கூடிய பெர்மிட் ஒன்றுகூட இல்லையா?

இருக்கிறது, ஆனால் பலருக்குத் தெரியாது: யு விசா. குடும்ப வன்முறை, பாலியல் வன்முறை, கொடுந்தாக்குதல், மிரட்டிப் பணம் பறித்தல், கொத்தடிமை வேலை, வேலை தருவதாகச் சொல்லி வெளிநாட்டிலிருந்து ஏமாற்றிக் கொண்டுவருதல் என்று சட்டம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதிலுள்ள குற்றம் உங்களுக்கு அமெரிக்காவில் நடந்து, அதனால் நீங்கள் பெரிதாகப் பாதிக்கப்பட்டு, போலீசுக்கு உதவியும் செய்திருந்தால் விண்ணப்பிக்கலாம்.

உள்ளூர் நிர்வாகம் வருவது இங்கேதான். ஐ-918 படிவத்தோடு ‘இணைப்பு பி’ என்று ஒன்று இருக்கிறது. ‘ஆமாம், இவர் பாதிக்கப்பட்டவர், விசாரணைக்கு ஒத்துழைத்தார்’ என்று அதில் ஒரு அதிகாரி கையெழுத்திட வேண்டும். உள்ளூர் போலீஸ் துறை, ஷெரிஃப், அரசு வழக்கறிஞர் அலுவலகம், நீதிபதி, குழந்தைகள் பாதுகாப்புத் துறை போன்றவர்கள் அந்தக் கையெழுத்தைப் போடலாம். கையெழுத்து இல்லாவிட்டால் வாஷிங்டன் படிவத்தைத் திறந்தே பார்க்காது. கையெழுத்தான நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும்.

மத்தியச் சட்டம் அந்த அதிகாரியைக் கட்டாயப்படுத்தவில்லை. அதனால் ஒரு கவுண்டியில் சுலபமாகக் கிடைக்கும் கையெழுத்து, பக்கத்துக் கவுண்டியில் நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தாலும் கிடைக்காது. கலிஃபோர்னியா இதைச் சரிசெய்தது. 2016 முதல் அமலான மாநிலச் சட்டம், கேட்டால் 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றது. 2020 முதல் அது 30 நாள். நாடுகடத்தல் வழக்கு நடப்பவருக்கு ஏழே நாள். ஒர்க் பெர்மிட் விஷயத்தில் உள்ளூர் அரசால் என்ன முடியும் என்று யாராவது கேட்டால், நான் காட்டுவது மேயர்களின் பேச்சை அல்ல, இந்தச் சட்டத்தைத்தான்.

வருடத்துக்கு 10,000 பேருக்குத்தான் யு விசா என்பதால் வரிசை பல வருட நீளம். ஆனால் 2021 ஜூனில் வந்த நடைமுறைப்படி, விண்ணப்பம் நேர்மையானது என்று முதல்கட்டத்தில் தெரிந்தால் வரிசையில் நிற்கும்போதே ஒர்க் பெர்மிட் தரலாம்.

கடையில் கொள்ளை நடந்ததாகக் காட்டினால் யு விசா கிடைக்கும் என்று ஒருவர் சொன்னார்…

அவரோடு பேசுவதை நிறுத்துங்கள். 2023 டிசம்பரில் மாசசூசெட்ஸிலும் 2024 மே மாதம் சிகாகோவிலும் இந்த நாடகம் அம்பலமாகி மத்திய வழக்குகள் பதிவாயின. துப்பாக்கியோடு ஒருவன் கடைக்குள் நுழைவான், கேமராவில் பதிவாகும், அவன் போனபின் கொஞ்சம் பொறுத்து போலீசைக் கூப்பிடுவார்கள். ‘பாதிக்கப்பட்டவர்’ இதற்குக் காசும் கொடுத்திருப்பார். கைதானவர்களில் இந்தியர்களும் உண்டு. உண்மையிலேயே துப்பாக்கி முனையில் நின்ற பெட்ரோல் பங்க் ஊழியரின் விண்ணப்பத்தையும் இப்போது சந்தேகக் கண்ணோடு பார்க்கிறார்கள். எனக்கு அதுதான் கோபம்.

டாகா இன்னும் இருக்கிறதா? என் மகனுக்குக் கிடைக்குமா?

சிறுவயதில் அமெரிக்காவுக்கு வந்த, ஆவணமற்ற பிள்ளைகளின் நாடுகடத்தலைத் தள்ளிவைக்க 2012 ஜூன் 15 அன்று தொடங்கிய திட்டம். 16 வயதுக்குள் வந்து, 2007 ஜூன் 15 முதல் இங்கேயே இருந்து, அறிவிப்பு நாளில் 31 வயது ஆகாமல், படித்துக்கொண்டிருப்பவர் அல்லது பள்ளி முடித்தவர், பெரிய குற்ற வழக்கு இல்லாதவர் என்பது சுருக்கமான தகுதி. இரண்டு வருட ஒர்க் பெர்மிட். 2020-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று இதைக் காப்பாற்றியது. 2021 ஜூலையில் அதே நீதிபதி ஹேனன் இதுவும் சட்டவிரோதம் என்றார். அதிலிருந்து ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் புதுப்பிக்க முடிகிறது, புது விண்ணப்பங்கள் முடிவாகாமல் கிடக்கின்றன. 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் டெக்சாஸைத் தனியாகப் பிரித்து ஒரு தீர்ப்புச் சொன்னதால், அங்கே இருப்பவர்கள், அங்கே குடிபோக நினைப்பவர்கள் கட்டாயம் வக்கீலிடம் கேட்க வேண்டும்.

2007-க்குப் பிறகு வந்த பிள்ளை என்றால் தகுதியே இல்லை. கேட்கும் தமிழ்ப் பெற்றோரில் பெரும்பாலோர் நிலை இதுதான்.

எங்களுக்கு எச்-1பி வேலை விசா. மகள் அதன் துணை விசாவான எச்-4-இல் வந்தாள், 21 வயதோடு அது முடிந்துவிடும், அடுத்த வருடம் 21 ஆகிறது. சிட்டி ஏதாவது செய்யுமா?

ஒன்றும் செய்ய முடியாது. கொடுமை என்னவென்றால், 2012 ஜூன் 15 அன்று முறையான விசாவில் இருந்தவர்களுக்கு டாகா கிடையாது. சட்டப்படி வந்ததே குறையாகிப்போன பிள்ளைகள் இவர்கள். 21 ஆகும்முன் மாணவர் விசாவுக்கு மாற்றுவதுதான் பலரும் செய்வது. ஒரு வருடம் முன்னதாகவே வேலையைத் தொடங்குங்கள்.

வெனிசுவேலாக்காரர்களுக்குக் கிடைத்த மாதிரி தற்காலிகப் பாதுகாப்பு நமக்கு உண்டா?

இந்தியாவும் இலங்கையும் அந்தப் பட்டியலில் இல்லை.

நகர அடையாள அட்டை எடுத்தால் வேலைக்குக் காட்டலாமா?

வேலைக்கு ஆகாது, ஐ-9 படிவம் அதை அனுமதிச் சான்றாக ஏற்காது. மற்ற பலவற்றுக்கு ஆகும். கனெக்டிகட்டின் நியூ ஹேவன் 2007-இல் தொடங்கி வைத்தது. நியூயார்க்கின் ‘ஐடிஎன்ஒய்சி’ 2015-இல் வந்தது. பள்ளிக்கூட வாசலில், நூலகத்தில், போலீஸ் நிறுத்திப் பெயர் கேட்கும்போது கையில் ஒரு அட்டை இருப்பதே தெம்பு. விண்ணப்பத்தோடு தரும் ஆவணங்களின் நகலைச் சேர்த்து வைப்பதை நியூயார்க் 2016 இறுதியோடு நிறுத்திவிட்டது, மத்திய அரசு கேட்டாலும் கொடுக்க எதுவும் இருக்கக் கூடாது என்பதற்காக.

ஓட்டுநர் உரிமம் மாநில விஷயம். 19 மாநிலங்களும் வாஷிங்டன் டி.சி.யும் குடியேற்ற நிலையைப் பார்க்காமல் தருகின்றன. கலிஃபோர்னியாவில் 2015 ஜனவரியிலிருந்து, நியூயார்க்கில் 2019-இல் வந்த சட்டப்படி.

பண உதவி ஏதும் கிடைக்குமா?

எப்போதும் இருக்கும் உதவி, அவ்வப்போது திறந்து மூடும் உதவி என்று இரண்டு இருக்கிறது.

1996-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஒன்று, ஆவணமற்றவர்களுக்கு மாநில, உள்ளூர் அரசுகள் சலுகை தருவதைப் பொதுவாகத் தடுக்கிறது. தர வேண்டுமானால் மாநிலம் அதற்கென்றே தனிச்சட்டம் போட வேண்டும். சிட்டி கவுன்சில் ஆசைப்பட்டு மட்டும் நடக்காது. நகரங்கள் நன்கொடைப் பணத்தைத் தேடுவது அதனால்தான். அவசர மருத்துவம், தடுப்பூசி, சூப் கிச்சன், ஷெல்டர், பேரிடர் நேரத்தில் பணமாக இல்லாமல் தரும் உதவி ஆகியவை தடைக்கு வெளியே. பிள்ளைகளின் பள்ளிப் படிப்பு 1982 உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து யாராலும் மறுக்க முடியாத உரிமை. பள்ளியில் குடியேற்ற நிலையைக் கேட்டால் பதில் சொல்ல வேண்டியதில்லை.

கொரோனாவில் கலிஃபோர்னியா அரசுப் பணம் 7.5 கோடி, நன்கொடை 5 கோடி என்று 12.5 கோடி டாலர் ஒதுக்கி, ஒருவருக்கு 500, குடும்பத்துக்கு அதிகபட்சம் 1,000 என்று கொடுத்தது. நியூயார்க் மாநிலம் 2021-இல் 210 கோடி டாலர் நிதி வைத்து, தகுதியுள்ள ஒருவருக்கு 15,600 டாலர் வரை தந்தது. வேலையின்மை உதவி கிடைக்காமல் போனவர்களுக்கான அந்த நிதி, அந்த அக்டோபருக்குள் தீர்ந்துவிட்டது. முதலில் ஆவணம் திரட்டியவர்களுக்குக் கிடைத்தது, யோசித்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை.

2025 கோடையில் லாஸ் ஏஞ்சலஸில் ‘ஐஸ்’ எனப்படும் மத்தியக் குடியேற்ற அமலாக்கத் துறை அதிகாரிகளின் பிடிப்பு வேட்டை தொடங்கியதும் வேலைக்குப் போகவே பயந்து பலர் வாடகை கட்ட முடியாமல் தவித்தார்கள். நகர மேயர் கேரன் பாஸ், நன்கொடைப் பணத்தில் சில நூறு டாலர் ஏற்றிய கார்டுகளை அறிவித்தார். அக்டோபர் 14 அன்று கவுண்டி மேற்பார்வையாளர் குழு நான்குக்கு ஒன்று என்ற ஓட்டில் அவசரநிலை அறிவித்து, வாடகை உதவிக்கு வழி செய்தது. பூகம்பத்துக்கும் காட்டுத்தீக்கும் போடும் உத்தரவை ஒரு மத்திய அரசு நடவடிக்கைக்கு எதிராகப் போட்டது, அந்த ஊருக்கே புதுசு.

முதலாளி மூன்று மாதச் சம்பளம் தரவில்லை. பேப்பர் இல்லாத நான் கேட்க முடியுமா?

தாராளமாக. செய்த வேலைக்குக் கூலி தர வேண்டும் என்ற சட்டம் விசாவைப் பார்க்காது. லாஸ் ஏஞ்சலஸ், சான் பிரான்சிஸ்கோ, சியாட்டில் போன்ற நகரங்களில் கூலிச் சட்டத்தை அமல்படுத்தத் தனி அலுவலகமே இருக்கிறது. புகார் வாங்கும்போது குடியேற்ற நிலையைக் கேட்பதில்லை. வேலைக்குப் போன நாள், நேரத்தை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முதலாளி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள். ‘புகார் கொடுத்தால் ஐஸைக் கூப்பிடுவேன்’ என்று மிரட்டினால் அந்த மிரட்டலையும் சேர்த்துச் சொல்லுங்கள், கலிஃபோர்னியாவில் அதுவே தனிக்குற்றமாகப் பார்க்கப்படும்.

சொந்தமாகத் தோசைக் கடை போட்டால்?

சிலர் அதைச் செய்கிறார்கள். கலிஃபோர்னியாவில் 2018-இல் வந்த மாநிலச் சட்டம் தெருக்கடை போடுவதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது. சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாதவர்கள் வரி அடையாள எண் வைத்து மாநிலம் தரும் தொழில்முறை உரிமங்களுக்கு விண்ணப்பிக்கலாம் என்று 2014-இலேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. தெருக்கடை உரிமம் கொடுப்பது நகரம், கவுண்டி கையில் இருப்பதால் இது உள்ளூர் அரசு உண்மையிலேயே திறக்கக்கூடிய வாசல். ஆனால் தொழில் உரிமம் வேறு, தங்கும் அனுமதி வேறு. ஒன்று இருப்பதால் மற்றது வந்துவிடாது.

சிட்டி ஆபீஸில் பெயர் கொடுத்தால் ஐஸுக்குப் போய்விடாதா?

1979-இல் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் ‘சிறப்பு ஆணை 40’ என்று ஒன்று போட்டது. ஒருவரின் குடியேற்ற நிலையைக் கண்டுபிடிப்பதற்காகவே போலீஸ் விசாரணை தொடங்கக் கூடாது என்பது அதன் சாரம். சான் பிரான்சிஸ்கோ 1989-இல் சட்டமே இயற்றியது. உள்ளூர் அதிகாரிகளைத் தன் வேலைக்கு மத்திய அரசு கட்டாயப்படுத்த முடியாது என்பது 1997 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, இந்த ஊர்கள் நிற்பது அதன்மேல்தான். இதற்காக 2025 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் மீதே மத்திய நீதித் துறை வழக்குப் போட்டது.

ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. கைதாகி விரல்ரேகை எடுத்தால், அது எஃப்.பி.ஐ. வழியாகக் குடியேற்றத் துறைக்குத் தானாகவே போகும். எந்த மேயராலும் அதை நிறுத்த முடியாது. குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒரு இரவு, பத்து வருட அசைலம் கேஸைக் கெடுத்துவிடும். வரித்துறையும் முன்பு போல் இல்லை. 2025 ஏப்ரலில் ஐஸோடு தகவல் பகிர ஒப்பந்தம் போட்டது, அது நீதிமன்றங்களுக்கும் போயிருக்கிறது. வரி கட்டுவதை நிறுத்தச் சொல்லவில்லை, புதிதாக வரி அடையாள எண் எடுக்கும்முன் வக்கீலைக் கேளுங்கள் என்கிறேன்.

வக்கீலுக்குக் காசு இல்லை. அரசே வக்கீல் தராதா?

குடியேற்ற நீதிமன்றத்தில் அரசுச் செலவில் வக்கீல் கிடையாது. சில நகரங்கள் தாங்களே தருகின்றன. நியூயார்க் 2013-இல் தொடங்கிய திட்டம், காவலில் இருப்பவர்களுக்கு இலவச வக்கீல் தரும் நாட்டின் முதல் முயற்சி. வக்கீல் இல்லாதபோது நூற்றுக்கு நான்கு பேர் ஜெயித்த நீதிமன்றத்தில், திட்டம் வந்தபின் 48 பேர் ஜெயிக்கலாம் என்று 2017 மதிப்பீடு சொன்னது. லாஸ் ஏஞ்சலஸிலும் நகரமும் கவுண்டியும் சேர்ந்து இதற்கு நிதி வைத்தன.

வக்கீல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் ஆள் ஒருவரின் வழக்கே போதும். எல்லை தாண்டி சுமார் 25 கஜ தூரத்தில் பிடிபட்ட ஈழத் தமிழ் விவசாயி ஒருவர், இலங்கையில் தன்னைக் கடத்தி அடித்ததை முதல் நேர்காணலில் சொன்னார், ஆனால் அடித்தது யார், ஏன் என்பதைச் சொல்ல முடியாமல் போனது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2020 ஜூனில் ஏழுக்கு இரண்டு என்று அவருக்கு எதிராக முடிந்தது. அந்த முதல் நேர்காணலில் பதிவாவதுதான் கடைசிவரை நிற்கும்.

நியூயார்க் அலுவலகங்களில் தமிழ் பேசுவார்களா?

நகரம் ஆவணங்களை மொழிபெயர்த்தாக வேண்டிய பத்து மொழிகளில் வங்காளமும் உருதும் உண்டு, தமிழ் இல்லை. ஆனால் நகரத்தின் உதவி எண்ணான 311-ஐ அழைத்து ‘தமிழ்’ என்று சொன்னால் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். ‘இந்தியன்’ என்று சொல்லாதீர்கள், இந்தி ஆளைக் கொண்டுவந்து விடுவார்கள்.

கனடாவில் இருக்கும் அண்ணனுக்கும் இதே நிலையா?

பெர்மிட் அங்கேயும் மத்திய அரசு விஷயம்தான். டொராண்டோ நகர மன்றம் 2013 பிப்ரவரியில் 37-க்கு 3 என்ற ஓட்டில், நகரச் சேவைகளுக்கு யாரிடமும் குடியேற்ற நிலையைக் கேட்கக் கூடாது என்பதை உறுதி செய்தது. ஸ்கார்பரோவில் நூலகத்துக்கும் சமூக மையத்துக்கும் போக அவருக்குப் பயம் வேண்டாம். டொராண்டோ பகுதிக் கட்டட வேலையில் இருந்த, விசா காலாவதியான தொழிலாளர்களுக்கு நிரந்தர வசிப்புரிமை தரும் ஒரு சிறு திட்டத்தை மத்திய அரசும் தொழிற்சங்கமும் நடத்தின. முதலில் 500 பேர், பிறகு 1,000 என்று கூட்டினார்கள்.

ஏஜென்ட் 4,000 டாலர் கேட்கிறார், மேயர் ஆபீஸில் ஆள் இருக்கிறதாம். கொடுக்கலாமா?

மேயர் ஆபீஸில் ஆள் இருந்தாலும் ஒன்றும் ஆகாது என்பதை இதுவரை படித்திருப்பீர்கள். குடியேற்ற வழக்கில் ஆலோசனை சொல்ல வக்கீலுக்கும், மத்திய நீதித் துறை அங்கீகரித்த பிரதிநிதிக்கும் மட்டுமே உரிமை. நோட்டரி போர்டு வைத்திருப்பவருக்கு இல்லை. வக்கீலின் உரிம எண்ணை மாநில வழக்கறிஞர் சங்கத் தளத்தில் நீங்களே பார்க்கலாம். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரிஜினல் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

சரி, முகாமுக்கு வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

பாஸ்போர்ட், காலாவதியானதும் சரி. குடியேற்றத் துறையோ நீதிமன்றமோ அனுப்பிய ஒவ்வொரு தாளும், கவர் உட்பட, ஏனென்றால் தபால் முத்திரைத் தேதி சிலசமயம் கேஸையே காப்பாற்றும். ஏ என்று தொடங்கும் ஒன்பது இலக்க எண் ஏதாவது தாளில் இருந்தால் அதை முதலில் எடுத்து வையுங்கள். பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், இலங்கையிலிருந்து வந்தவர் என்றால் கிராம சேவகர் கடிதம். தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும், ‘எனக்கு இரண்டு மொழியும் தெரியும், இது சரியான மொழிபெயர்ப்பு’ என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட வரியும் வேண்டும். இரண்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. எப்போதாவது போலீசில் புகார் கொடுத்திருந்தாலோ கைதாகியிருந்தாலோ அந்தக் காகிதம். அதை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு வருபவர்கள்தான் அதிகம்.